சாயங்காலத்து பிரெட்

அன்புள்ள செல்வம்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு வழக்கம்போல வாய் வரவில்லை என்று நினைத்திருப்பாய். உண்மைதான். காலமெல்லாம் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றவனுக்கு, "ரெண்டு செட்டு பார்சல்", "சால்னா தீந்துபோச்சு" என்பதற்கு மேல் பேச்சு பழகவில்லை. எழுதினால் நடுவில் யாரும் "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்று கத்த மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பஸ்ஸில் போகும்போது படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

நீ கேட்டது இதுதான். கொச்சியில் உன் கம்பெனியில் அமெரிக்காக்காரர்களுக்கு வேலை செய்கிற ஷிப்டுக்கு உன்னை மாறச் சொல்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் திரும்பி வரும்போது ஊர் அடங்கியிருக்கும். பதவி உயரும், சம்பளமும் கூடும். ஆவணியில் உனக்குக் கல்யாணம். ரம்யா டீச்சர் வேலை பார்க்கிறவள், காலையில் போய் சாயங்காலம் வருகிறவள். நீ கிளம்பிப் போன பிறகு அவள் வீட்டுக்குள் வருவாள். அவள் கிளம்பும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். "ஒத்துக்கட்டுமா அப்பா?" என்று கேட்டாய். இந்த விஷயத்தில் கருத்து சொல்ல நம் குடும்பத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. படிப்பில்தான் நான் எட்டாவது, இதில் டாக்டர் பட்டமே வாங்கியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை. நான் சாயங்காலமெல்லாம் வெளியே நின்றது ஊர் சுற்றுவதற்காக இல்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலையாள நாட்டில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவனுக்கு, பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் கல்லடியில் நிற்க இடம் கிடைத்ததே பெரிய காரியம். பரோட்டா சாயங்காலத்துப் பண்டம். மதியம் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவைத்து, நாலு மணிக்குக் கல்லைப் பற்றவைத்தால் கடை சாத்துகிற வரை வீச்சுதான். கிழக்கேகோட்டையில் ஊர் உலகமெல்லாம் பஸ்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் எங்களுக்கு வேலை சூடு பிடிக்கும். அந்த வேலையில்தான் நீ படித்தாய், சுதா படித்தாள், மணக்காட்டில் இந்த வீட்டுக்கு வாடகை கொடுத்தோம். அதில் எனக்கு வெட்கமும் கிடையாது, வருத்தமும் கிடையாது. நான் சொல்ல வந்தது வேறு.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது "என் குடும்பம்" என்று ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நீ உங்கம்மாவை அடுப்படியில் நிற்கவைத்தாய், சுதாவைத் தொட்டிலில் போட்டாய், என்னைப் பாயில் படுக்கவைத்துக் கழுத்து வரைக்கும் போர்வை போர்த்திவிட்டாய். மறுநாள் உன் டீச்சர் உங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "செல்வத்தின்டெ அச்சனு எந்தா அசுகம்?" என்று விசாரித்திருக்கிறாள். அப்பாவுக்கு என்ன வியாதி என்று கேட்கிறாள் என்பது உங்கம்மாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "சீக்கெல்லாம் ஒன்னும் இல்ல டீச்சர், அவிய பரோட்டா மாஸ்டரு" என்றாளாம். டீச்சருக்கு அப்போதும் புரியவில்லை. இந்தக் கதையை நம் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நீ கண்ணால் பார்த்ததை வரைந்தாய். நீ எழுந்து பள்ளிக்கூடம் போகும்போது நான் தூங்குவேன். நான் வரும்போது நீ தூங்குவாய்.

போன வருஷம் எனக்குத் தோள் போன கதை உனக்குத் தெரியும். "இனி வலது கை தோளுக்கு மேல போகக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். பரோட்டா வீச்சு என்றாலே கை தோளுக்கு மேலே போவதுதான். வேண்டுமானால் பரோட்டாவைத் தரையில் உட்கார்ந்து வீசட்டுமா என்று கேட்டேன், டாக்டர் சிரிக்கவில்லை. முதலாளி நல்ல மனுஷர், சும்மா வந்து கல்லாவில் உட்காருங்கள் என்றார். கொஞ்ச நாள் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். அசாமிலிருந்து வந்திருக்கிற புது மாஸ்டர் மாவை வீசுகிற சத்தம் கேட்டாலே என் கை தானாக அசையும், கவனம் அங்கே போய்விடும், ஒருத்தர் பில்லை இன்னொருத்தரிடம் நீட்டிக்கொண்டிருப்பேன். எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், அங்கே சாயங்காலம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. உங்கம்மா லேடீஸ் ஹாஸ்டல் சமையலை முடித்துவிட்டு மூன்று மணிக்கு வருவாள். விளக்கேற்றுவாள். ஏழு மணிக்கு சுதா ஜவுளிக்கடையிலிருந்து வந்து, நாளெல்லாம் நின்ற காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள். வரும் வழியில் பேக்கரியில் ஒரு பிரெட் வாங்கி வருவாள். அதை நெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டி, கடலைக்கறியோ உருளைக்கிழங்குக் குருமாவோ தொட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்து இரண்டு பேரும் சீரியல் பார்த்தபடி சாப்பிடுவார்கள். பாதி வார்த்தையிலேயே பேசிக்கொள்வார்கள். "இன்னைக்கும் அவ..." என்பாள் சுதா. "பின்னே, வேற எப்படி இருப்பா?" என்பாள் உங்கம்மா. அவள் யார், எவள், சீரியலில் வருகிறவளா கடையில் வேலை பார்க்கிறவளா, எனக்கு ஒன்றும் தெரியாது. நான் போய் உட்கார்ந்ததும் உங்கம்மா எழுந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். சுதா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். அலமாரியிலிருந்த நல்ல தட்டை எடுத்து எனக்கு வைத்தார்கள். யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. விருந்தாளிக்குத்தான் இப்படியெல்லாம் செய்வார்கள். நான் சாப்பிட்டு முடித்து உள்ளே போன பிறகுதான் டி.வி. சத்தம் பழையபடி கூடியது.

நாம் வீட்டில் இல்லை என்பதற்காக யாரும் காலமெல்லாம் கோபமாக இருக்க மாட்டார்கள், செல்வம். பழகிக்கொள்வார்கள். கோபமாக இருந்தாலாவது சமாதானம் பண்ணலாம். பழகிப்போனவர்களிடம் போய் என்ன சொல்லுவது? என் வீட்டுச் சாயங்காலத்தில் எனக்கு ஒரு இடம் வேண்டும் என்று இருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதை வாயைத் திறந்து கேட்கிற விதமும் தெரியவில்லை. சொந்த வீட்டில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த மனுஷன் கேட்பான்?

ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று முதலில் அடுப்படிக்குள் நுழைந்தேன். இடது கையால் வெங்காயம் நறுக்கினேன். சால்னா வைத்தேன். என் கைக்குத் தெரிந்த அளவு ஹோட்டல் அளவு மட்டும்தான். உங்கம்மா வந்து குண்டானை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன செய்யுதிய? கல்யாண வீடா இது? மூணு பேருக்கு இம்புட்டு சால்னாவா?" என்றாள். சுதா அதை டப்பா டப்பாவாகக் கடைக்கு எடுத்துப்போய் தன் தளத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஊற்றினாள். நாலாவது நாள் உங்கம்மா கத்தியை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டாள். நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன் என்றாள். மறுபடியும் நாற்காலி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சாமான் மைதா. மைதாவில், கை தோளுக்கு மேல் போகாமல் செய்கிற பண்டம் என்ன இருக்கிறது? சுதா கொண்டுவந்த பிரெட் பொட்டலம் எதிரே மேஜைமேல் இருந்தது. அவர்களுடைய சாயங்காலத்தில் ஏற்கனவே இடம் பிடித்திருக்கிற சாமான் அது. ஓணத்துக்கு சுதா வாங்கின ஓவன் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரே ஒரு கேக் செய்துவிட்டு மூடிப்போட்டது, உங்கம்மா அதற்குள் முறுக்கு டின்னை வைத்திருந்தாள். முறுக்கை வெளியே எடுத்தேன். ஆப்பத்துக்குப் போடுகிற ஈஸ்ட் அடுப்படியில் எப்போதும் இருக்கும். சாலைக் கடைத்தெருவில் போய் பிரெட் டின் ஒன்று வாங்கினேன். போனில் ஒரு மலையாளச் சேச்சி பிரெட் செய்து காட்டுகிற வீடியோவை சுதா தேடிக் கொடுத்தாள். அந்தச் சேச்சி மைதாவைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்ததையும், விரல் நுனியால் பிசைந்ததையும் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு மாவை நான் தூக்கத்தில் பிசைவேன் என்று உங்கம்மாவிடம் சொன்னேன்.

முதல் பிரெட் ஓவனிலிருந்து வெளியே வந்தபோது டின்னில் கால்வாசி உயரம்கூட இல்லை. கத்தி இறங்கவில்லை. சுதா அதை மேஜையில் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தியம் சொல்லுங்கப்பா, இது பிரெட்டா, செங்கலா?" என்றாள். உங்கம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "பேசாம எடுத்து வைங்க. இன்னும் ரெண்டு செஞ்சியன்னா ஆற்றுக்கால் பொங்காலைக்கு அடுப்புக்கல்லு ஆச்சு" என்றாள். பொங்காலைக்கு முந்தின நாள், தெருவோரம் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்க, செங்கல்லுக்கு அலைகிற கஷ்டம் அவளுக்குத்தான் தெரியும். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளும் செய்தேன். அதுவும் கல். அடுத்த நாளும் கல்.

இதற்குள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். உங்கம்மா ஈஸ்டைச் சந்தேகப்பட்டாள், அதே ஈஸ்டில் ஆப்ப மாவு கரைத்துப் பார்த்தாள், ஆப்பம் பஞ்சு மாதிரி வந்தது. சுதா ஓவனைச் சந்தேகப்பட்டு, கேக் செய்து பார்த்தாள், கேக்கும் ஒழுங்காக வந்தது. நான் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், மைதாவைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததைக்கூடச் சந்தேகப்பட்டேன். இத்தனை வருஷமாக இந்த ஊருக்கே மாவு பிசைந்தவனுக்கு வீட்டுக்கு ஒரு பிரெட் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? வெளியே சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர உள்ளே எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் வராமல் போனால் திரும்ப அந்த நாற்காலிதான், அதற்கப்புறம் எழுந்திருக்க ஒரு சாக்கும் கிடைக்காது என்று தோன்றியது.

ஒரு விடுமுறை நாளில், அப்பா செங்கல் செய்வதை அண்ணனுக்கு அனுப்பப் போகிறேன் என்று சுதா போனை வைத்து ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுத்தாள். அன்றைக்கும் வழக்கம்போலக் கல்தான். எடுத்ததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, இங்க வாங்க. உங்க கை என்ன செய்யுதுன்னு பாருங்க" என்றாள். பார்த்தேன். டின்னுக்குள் மாவு நன்றாகத்தான் உப்பி மேலே வந்திருக்கிறது. நான் ஓவனைத் திருகிவிட்டுத் திரும்புகிறேன், மூடியிருந்த துணியை எடுக்கிறேன், உங்கம்மாவிடம் என்னவோ பேசிக்கொண்டே இடது கையால் அந்த மாவை அமுக்குகிறேன். லேசாக இல்லை, ஓங்கி, காற்றெல்லாம் போகிற மாதிரி, மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டு. அப்புறம் ஓவனுக்குள் வைக்கிறேன். நான் செய்ததை நானே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். செய்த ஞாபகமே இல்லை. சுதாவும் உங்கம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீடியோவை உனக்கு அனுப்பக் கூடாது என்று கெஞ்சித் தடுத்தேன். இப்போது நானே எழுதிவிட்டேன்.

கைமேல் தப்புச் சொல்ல முடியாது. பரோட்டாக் கல்லடியில் உப்பின மாவு என்றால் கெட்ட மாவு. வெயில் காலத்தில் உருண்டை பிடித்து வைத்தது கொஞ்சம் நேரமானால் புளித்து ஊதிக்கொள்ளும், அதைக் கண்டதும் அமுக்கிக் காற்றை எடுத்துத் திரும்பப் பிசைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீசும்போது கிழியும். கண் பார்க்கும், கை போய்விடும், நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. வீடியோவில் அந்தச் சேச்சி, "இனி அதினெ தொடண்டா, கேட்டோ" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் செய்கிறாள். இனிமேல் அதைத் தொட வேண்டாம் என்று. பிசைகிறவரைதான் பாடம், அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று நான் அந்த இடத்தைக் கவனித்ததே இல்லை. பிரெட்டில் பெரிய வேலையே அதற்கப்புறம்தான் நடக்கிறது. மாவு தானாக எழும்புகிற வரைக்கும் அதன் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

தெரிந்துகொண்டதால் மட்டும் கை நின்றுவிடுமா? மறுநாளும் துணியை எடுத்ததும் கை போனது. "கைய எடுங்க" என்று உங்கம்மா ஒரு அதட்டல் போட்டாள், பாதி அமுக்கினதோடு நின்றது. அதோடு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மாவு டின்னுக்குள் போனதிலிருந்து ஓவனுக்குள் போகிற வரைக்கும் அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு எனக்குக் காவல் உட்கார்ந்தாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாவு எழும்ப அது பாட்டுக்கு நேரம் எடுக்கும், அவசரப்படுத்த முடியாது. அவளால் எழுந்து போக முடியாது, போனால் என் கை போய்விடும். எனக்கும் எழுந்து போக மனசில்லை. சும்மா எவ்வளவு நேரம்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பது? பேச ஆரம்பித்தோம்.

என்ன பேசினோம் என்கிறாய்? எல்லாம் பழைய சமாசாரம்தான், ஆனால் எனக்கு அத்தனையும் புதுசு. நீ பிளஸ் டூ படிக்கும்போது கணக்குப் பரீட்சை ஒன்றில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வராமல் சங்குமுகம் கடற்கரையில் உட்கார்ந்திருந்ததையும், உங்கம்மா தேடிக்கொண்டு வந்து உன்னோடு கடலை வாங்கித் தின்றுவிட்டுக் கூட்டி வந்ததையும் எனக்கு இப்போதுதான் சொன்னாள். சுதாவுக்கு முதலில் வந்த வரனை அவளே வேண்டாம் என்று சொன்ன காரணத்தைச் சொன்னாள். ஹாஸ்டல் வார்டனோடு சண்டை போட்டு ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள், அந்த வாரம் முழுக்க நான் பக்கத்தில்தான் தூங்கியிருக்கிறேன். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "எப்பம் சொல்ல? நீங்க முழிச்சிருக்கும்போது நான் வேலையில, நான் வீட்டுல இருக்கும்போது நீங்க கல்லடியில" என்றாள். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். நானும் என் பக்கத்துக் கதைகளைச் சொன்னேன். ஒரு மழைநாள் சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் ஒரே குடையில் ஹோட்டல் வாசலில் வந்து நின்றீர்களே, கூட்டத்தில் உங்களைப் பார்த்தும் கல்லை விட்டு வர முடியாமல் நின்றதையும், அன்றைக்கு ஒரு வரிசை பரோட்டாவைக் கருகவிட்டதையும் சொன்னேன். அவள், "அப்பவே நெனச்சேன், ஒங்க கல்லுல கருகுத மணம் வருதேன்னு" என்றாள்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் இரண்டு பேரும் மாவை மறந்தே போனோம். நினைவு வந்து துணியை எடுத்தபோது டின்னின் விளிம்பைத் தாண்டி வழவழவென்று மேடு கட்டி நின்றது. கை போகவில்லை. போக வேண்டும் என்றே அதற்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஓவனில் வைத்த கொஞ்ச நேரத்தில் மணம் கூடத்துக்கு வந்து, வாசலுக்கும் போய்விட்டது. வெளியே எடுத்து ஆறவைத்தோம். சுதா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, "அய்யோ, ஒறிஜினல் பிரெட்டு" என்றாள். ஓரம் கொஞ்சம் கருகல்தான், உப்பும் ஒரு சிட்டிகை கூடுதல்தான். அறுத்தபோது உள்ளே மெத்தென்று இருந்தது. அன்றைக்கு நாற்காலி போட உங்கம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று பேரும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து, கடலைக்கறியைச் சட்டியோடு நடுவில் வைத்துச் சாப்பிட்டோம். அந்த "இன்னைக்கும் அவ" யார் என்று சுதா எனக்கு முதலிலிருந்து சொன்னாள். கடையில் வேலை பார்க்கிறவள்தான். பெரிய வில்லி.

அன்றிலிருந்து சுதா பேக்கரிக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் மதியம் மாவு பிசைகிறேன், இடது கையால் மடித்து மடித்துப் பிசைந்தால் போதும், தோளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சில நாள் நன்றாக வரும், சில நாள் சப்பையாகப் போகும். சப்பையாகப் போனால் உங்கம்மா பேசுகிற பேச்சுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். ஆனாலும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது. இவர்களுக்கு வேண்டியது என் பிரெட்டா, நானா? பண்டம் செய்து கொடுக்கிறவனுக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. ஹோட்டலில் மாஸ்டர் மாறினால் பரோட்டா தின்ன வருகிறவர்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது.

போன வெள்ளிக்கிழமை பிரெட்டைச் சுட்டு ஆறவைத்துவிட்டு, உன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போனேன். என்னோடு கல்லடியில் நின்ற பழைய கூட்டாளி அங்கே இருக்கிறான். திரும்பும்போது நல்ல மழை. கரமனைப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றது நின்றபடி நகரவே இல்லை. பஸ்ஸிலிருந்து போன் போட்டு, "நேரமாகும், நீங்க சாப்பிடுங்க" என்றேன். சொல்லிச் சொல்லி என் வாயில் தேய்ந்துபோன வாக்கியம் அது. உங்கம்மா சரி என்றாள். வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு நேரமெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தேன். பிரெட் நான் வைத்துவிட்டுப் போன இடத்தில் முழுசாக அப்படியே இருந்தது. குருமாச் சட்டி மூடியிருந்தது. மூன்று தட்டும் கழுவியபடி கவிழ்த்திருந்தது. பிரெட் இருந்தது, குருமா இருந்தது, பசியும் இருந்தது, இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

"வயிறு கத்துதுப்பா. அம்மா தொடவே விடல" என்றாள் சுதா. நான் உங்கம்மாவைப் பார்த்து, "எதுக்கு இருந்திய? சாப்பிடுங்கன்னு சொன்னம்லா?" என்றேன். அவள் எழுந்து தட்டுகளை நிமிர்த்திக்கொண்டே, "வீட்டு ஆளு வரட்டும்னு இருந்தோம். இதுல என்ன" என்றாள். நான் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு வேண்டியதைவிட அதிக நேரம் கழுவினேன் என்று நினைக்கிறேன். வயது ஐம்பத்தெட்டு, கல்யாண வயதில் மகன், அழுதால் நன்றாகவா இருக்கும்? ஆனாலும் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன.

சாப்பிடும்போது சும்மா இருக்க முடியாமல், "எனக்காக நீங்க காத்திருக்கது இதான் மொத தடவ" என்று சொன்னேன். உங்கம்மா பிரெட்டைக் குருமாவில் தொட்டபடி, "மொத தடவையெல்லாம் இல்ல" என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல தெனமும் இருந்தேன். ஏன் பசியோட கெடக்க, சாப்பிட்டுட்டுப் படுன்னு நீங்கதான் சொன்னிய. கொஞ்ச நாள் கேக்காம இருந்து பாத்தேன். பொறவு கேட்டுக்கிட்டேன்." சொல்லிவிட்டு எனக்கு இன்னும் ஒரு துண்டு வைத்தாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை, செல்வம். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பேன். பசியோடு கிடக்கிறாளே என்ற இரக்கத்தில்தான் சொல்லியிருப்பேன்.

ரம்யாவும் முதலில் காத்திருப்பாள். நீயும் நல்ல மனசோடு சாப்பிட்டுப் படு என்பாய். அவளும் கொஞ்ச நாள் கேட்காமல் இருந்து பார்ப்பாள். ஷிப்டை ஒத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதே, அவளிடம் கேள். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், வேலை என்றால் எனக்கு மரியாதை உண்டு. உங்கள் காலத்தில் ஷிப்டை மாற்றிக் கேட்கவும் வழி இருக்கிறதாம், வேலையையே மாற்றவும் வழி இருக்கிறதாம், சுதா சொல்கிறாள். எங்களுக்கு அது இல்லை. அது உனக்கு இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். என் வீட்டில் எனக்கு ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்துவைத்துக் காத்திருக்கிறார்கள் இப்போது. அது திரும்பக் கிடைக்க எனக்கு ஒரு தோள் போக வேண்டியிருந்தது. உனக்கு ரெண்டு தோளும் நன்றாக இருக்கிறபோதே சாயங்காலம் வீட்டுக்குப் போடா.

அப்பா